துணைவஞ்சியும் செய்தித்தாளும்

புறநானூற்றுள் துணைவஞ்சி என்னும் துறைப்பெயர் பெற்ற பாடல்கள் சில உள. பிறரை வெல்லவோ கொல்லவோ துணிந்து நிற்கும் வேந்தனை அணுகி, தக்க சில சொல்லி, அச்செயலினின்றும் அவனை விலக்க முயல்வது அத்துறையின் பொருள். ஆலத்தூர் கிழாரும் கோவூர் கிழாரும் புல்லாற்றூர் எயிற்றியனாரும் இத்துறையில் பாடியுள்ளனர். போரைப் புகழும் பாடல்கள் மலிந்த ஒரு தொகையுள், போரை நிறுத்த எழுந்த குரலுக்கெனத் தனித்துறை ஒன்று வகுக்கப்பட்டமை எண்ணத்தக்கது. இக்குரலை எழுப்பியோர் பெயரறியாத எளியர் அல்லர். வேந்தர் அவைகளில் இடம்பெற்ற, நாடறிந்த புலவர். இக்காலத்திற் போர் நிகழுங்கால் அமைதி வேண்டிப் பேசும் கலைஞர், அறிஞர், தலைவர் ஆகியோர்க்கு இவர்களை ஒப்பிடுதல் தகும்.

அப்புகழ்பெற்றோர்மீது செய்தித்தாளின் பார்வை எவ்வாறு படிகிறது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி. செய்தித்தாளை இலக்கியமாகக் கொள்ளலாமா என்று வினவுவார் உளர். நாம் அதனை இலக்கியமென்று நிறுவப் புகவில்லை. ஒரு பனுவலைப் படிக்கும் முறையால், அதாவது சொல்லியது யாது, சொல்லாது விட்டது யாது, தலைப்பு எது, பொருள் எது என நோக்கும் முறையால், அதனைப் படிக்கலாம் என்பதே நம் கொள்கை. அம்முறைக்குப் புறநானூறே நல்ல பயிற்சிக்களம். ஏனெனில் அதன்கண் பாட்டு வேறு, பாட்டின் அடியிற் கண்ட குறிப்பு வேறு. யார், யாரை, எந்நிலையில் பாடினார் என உரைநடையில் ஓரிரு வரியில் அறிவிக்கும் அக்குறிப்புகள், நடையளவில், இன்றைய செய்தியறிக்கையை ஒருவாறு ஒத்தன. அவை பாடிய புலவர் எழுதியவை அல்ல என்பதும், தொகுத்தோரோ பின்வந்தோரோ சேர்த்தவை என்பதும் அறிஞர் பலர்க்கு உடன்பாடு. 1894இல் உ. வே. சாமிநாதையர் இந்நூலை அச்சேற்றியபோது அக்குறிப்புகளையும் உடன்பதித்தார். அதுமுதல் பாட்டையும் குறிப்பையும் ஒன்றாகவே படிக்கும் பழக்கம் நமக்கு ஏற்பட்டுவிட்டது. முதுகலை மாணவர் பலர் தேர்வு விடைத்தாளில் குறிப்பின் செய்தியையே பாட்டின் பொருளாக எழுதிவிடுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

கோவூர் கிழார் புறநானூற்றில் 15 பாடல்கள் பாடியவர். அவற்றுள் 44 முதல் 47 வரையுள்ள நான்கும் ஒரு கோவையாக நிற்கின்றன. 44ஆம் பாட்டின் குறிப்பு சொல்வது இவ்வளவே: நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட்டிருந்தான், நெடுங்கிள்ளி உள்ளே அடைத்திருந்தான், அவனைக் கோவூர் கிழார் பாடினார். மூன்று பெயர், ஓர் ஊர், ஒரு நிகழ்ச்சி. இனிப் பாட்டினுட் புகுவோமாயின் நாம் காண்பது வேறு. நீர்த்துறை படியவும் நெய் மிதித்த கவளம் உண்ணவும் வழியின்றிக் கட்டுத்தறியிற் சாய்ந்து, நிலத்திற் கையைப் புரட்டி, வெய்துயிர்த்து அலறும் களிறுகள் முதலில் வருகின்றன. அடுத்துப் பாலின்றி அழும் குழந்தைகள் வருகின்றன. பூவற்ற வெறுந்தலையை வாரி முடிக்கும் மகளிர் வருகின்றனர். நீரின்றி வருந்திக் கூவும் இல்லங்களின் ஒலி கேட்கிறது. இவ்வளவும் சொல்லி முடித்த பின்னரே புலவர் அரசனை நோக்கித் திரும்புகிறார். அறவோன் எனின் நகர் உனதே என்று சொல்லிக் கதவைத் திற; மறவோன் எனின் போர்செய்யத் திற; இரண்டும் இன்றி மதிலின் ஒருபுறத்தே ஒடுங்கிக் கிடத்தல் நாணத்தக்கது என்கிறார்.

பாட்டின் முற்பாதி முழுதையும் நிறைத்தவர் எவரோ, அவருள் ஒருவரேனும் குறிப்பில் இடம்பெறவில்லை. முற்றுகைக்குட்பட்ட ஊரின் பசியும் விடாயும் பாட்டின் உயிர்நிலை. குறிப்புக்கோ இரு மன்னரும் ஒரு புலவரும் போதும். இதனைத் தொகுத்தோர் செய்த குறையெனக் கூற நாம் துணியோம். குறிப்பின் தொழில் சுருக்கிச் சொல்லுதல். சுருக்கத்தில் பெயருடையோர் நிற்பர், பெயரில்லார் உதிர்வர். ஆயினும் ஒரு பாட்டு எதற்காகப் பாடப்பெற்றதோ அப்பொருளே சுருக்கத்தில் உதிருமாயின், சுருக்கியவர் நோக்கு எங்கே நின்றது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

துறைப்பெயரை நோக்கின் இது மேலும் விளங்கும். 44ஆம் பாட்டிற்குத் துணைவஞ்சி என்று துறை வகுத்திலர். திணை வாகை எனவும் துறை அரசவாகை எனவும் வகுத்துள்ளனர். மதிலுள் ஒளிந்தவனை இடித்துரைக்கும் பாட்டு வெற்றித்திணையின் பெயர் தாங்கி நிற்கிறது. ஔவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றபோது பாடிய 95ஆம் பாட்டின் நிலையும் ஆராயத்தக்கது. தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிய தொண்டைமானுக்கு, அவன் கருவிகளின் புதுமெருகைப் புகழ்வார்போன்று அவற்றின் பயன்படாமையைச் சுட்டிய பாட்டு அது. போரைத் தவிர்க்கச் சென்ற அத்தூதுமொழி பாடாண்திணையுள் வாண்மங்கலம் என்னும் துறையில் வைக்கப்பட்டது. வாளைப் புகழ்தல் என்பது தலைப்பு. வாளைக் குறித்த எள்ளல் பொருள். இலக்கண வகையால் இதற்கு அமைதி கூறலாம். உரையாசிரியர் கூறியும் உள்ளனர். தலைப்பிட்டவர் பாட்டின் புறத்தோற்றத்தைக் கொண்டார், உட்கோளை விட்டார் என்பதே நம் கருத்து.

47ஆம் பாட்டின் குறிப்பு இவற்றினும் நமக்கு இன்றியமையாதது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குட் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர் கிழார் பாடி அவனை உய்வித்தார். போர்க்காலத்தில் எல்லை கடந்து வரும் சொல்லாளன்மீது முதலில் விழும் ஐயம் ஒற்றன் என்பதே. இளந்தத்தன் என்ன பாடினான், என்ன கருதினான் என்பது ஒருவர்க்கும் வேண்டியதில்லை. எப்பக்கத்திலிருந்து வந்தான் என்பதே வினா. அவ்வையத்திலிருந்து அவனை மீட்டது யாது? பரிசிலர் பறவைபோல் நெடுவழி சென்று, பெற்றதைச் சுற்றத்தோடு உண்டு, பிறர்க்குத் தீங்கு எண்ணாது வாழ்பவர் என்னும் கோவூர் கிழாரின் வாதம் மட்டுமன்று. அதனைச் சொன்னவர் கோவூர் கிழார் என்பதும் ஆகும். பெயரில்லாப் புலவன் ஒருவன் இதனையே சொல்லியிருப்பின் இளந்தத்தனோடு அவனும் மாண்டிருப்பான். ஆதலின் புகழ்பெற்றோர் குரலை வெறும் பகட்டெனத் தள்ளுதல் கூடாது. புகழ் ஒரு கேடயம். அதனைப் பிறர்க்காக ஏந்தியவர் கோவூர் கிழார்.

இனி, அவர் இரு பக்கத்தார்க்கும் பொதுவாய் நின்ற நடுவர் என்று கூறுவாரும் உளர். அது முற்றும் பொருந்தாது. நலங்கிள்ளியை அவர் பல பாடல்களிற் புகழ்ந்துள்ளார். அவன் பரிசில் பெற்று வாழ்ந்தவர். 44ஆம் பாட்டு அவனுடைய பகைவனுக்கு உரைத்தது. அதிலும் போரிடுதல் ஒரு வழியாகவே வைக்கப்படுகிறது. 45ஆம் பாட்டிலேதான் இருவரையும் ஒருங்கு நோக்கி, நும் இருவர் கண்ணியும் ஆத்தியே, எவர் தோற்பினும் தோற்பது நும் குடியே, நும் பகையால் மகிழ்பவர் ஏனைய வேந்தர் என்கிறார். இதுவும் போர் என்பதே தீது என்னும் கொள்கையன்று. உடன்குடிப் போர் தீது என்னும் கொள்கை. இக்காலக் கொள்கையை அக்காலப் புலவர்மீது ஏற்றிக் கூறுதல் ஆராய்ச்சியாகாது. ஆயினும் 46ஆம் பாட்டில் யானைக்காலில் இடப்பட நின்ற மலையமான் மக்களை அவர் காட்டும் முறை எக்கொள்கைக்கும் அப்பாற்பட்டது. யானையைக் கண்ட வியப்பில் அழுகை மறந்து, பின் அறியாத அவையைக் கண்டு மருண்டு நிற்கும் அச்சிறுவரைக் காட்டிவிட்டு, கேட்டாயின் நீ விரும்பியது செய் என்று கிள்ளிவளவனிடம் சொல்லி அமைகிறார். அச்சிறுவர் பெயரை அவரும் சொல்லவில்லை. சொல்லாமலே அவரைப் பாட்டின் நடுவே நிறுத்திவிட்டார்.

பழந்தமிழ்ப் பனுவலிற் கண்ட இவ்வளவைக் கையிற் கொண்டு அண்மைக்காலச் செய்திக்கு வருவோம்.

புகழையே கருவியாகத் திட்டமிட்டுப் பயன்படுத்திய முதற் போரெதிர்ப்பு நம் நாட்டில் 1940இன் தனிநபர் சத்தியாக்கிரகம் எனலாம். திரளான மக்களைத் தெருவிற் கொணராமல், தேர்ந்தெடுத்த ஒருவர் பின் ஒருவராகப் போருக்கு எதிராகப் பேசிச் சிறைபுகுதல் காந்தியடிகள் வகுத்த முறை. 1940 அக்டோபர் 17இல் வினோபா தொடங்கினார். அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நேரு. தமிழ்நாட்டில் அவ்வாண்டு டிசம்பரில் இராஜாஜி சிறைப்பட்டார். ஆளை அறிந்தாலே சொல்லை அறிந்ததாகும் என்னும் கணக்கு இதன் அடிப்படை. அரசு இதனை நன்குணர்ந்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ்ப் போரெதிர்ப்புச் செய்தி வெளியிடுதற்குத் தடை வந்தது. காந்தியடிகள் தம் அரிஜன் இதழை நிறுத்திக்கொண்டார். ஆளைச் சிறையிலும் சொல்லைத் தணிக்கையிலும் வைத்தால் எஞ்சுவது பெயர் மட்டுமே.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், சிறுமலையின் அடிவாரத்தை அடுத்து, சின்னாளப்பட்டிக்கு அருகில் காந்திகிராமம் உள்ளது. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் நிறுவிய இவ்வூருக்கு 1959 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் வந்தார். மாண்ட்கமரி நகரப் பேருந்துப் புறக்கணிப்பு நிகழ்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நாடு திரும்பியபின் தம் இந்தியப் பயணம் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், 381 நாள் நடந்த அப்புறக்கணிப்பைத் தம் நாட்டு இதழ்கள் பலவற்றினும் இந்திய இதழ்கள் தொடர்ச்சியாக வெளியிட்டமையைக் குறித்துள்ளார். அயலார் போராட்டத்தை நம் இதழ்கள் அத்துணைக் கருத்தோடு நோக்கியமை மகிழத்தக்கது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. அப்போராட்டம் அறவழியதாயினும் அன்று நிகழ்ந்த எப்போருக்கும் குறுக்கே நிற்கவில்லை. எந்நாட்டு இதழுக்கும் அதனைப் புகழ்வதால் இழப்பில்லை.

1967 ஏப்ரல் 4இல் நியூயார்க் நகரின் ரிவர்சைடு தேவாலயத்தில் வியட்நாம் போரைக் கண்டித்து அவர் பேசியபோதே அந்நோக்கு மாறியது. ஏழையரின் வறுமையொழிப்புக்கென ஒதுக்கிய பொருள் போரில் அழிவதையும், கறுப்பின இளைஞர் தம் தொகைக்கு மிஞ்சிய அளவில் மாள்வதையும், வியட்நாம் உழவரின் நிலமும் நீரும் நஞ்சாவதையும் அவர் எடுத்துரைத்தார். பேச்சற்றோர்க்காகப் பேசுகிறேன் என்பதே அவ்வுரையின் நிலைக்களம். மூன்று நாளில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதியது. கிங் செய்த பிழை என்பதே அதன் தலைப்பின் பொருள். குடியுரிமையையும் போரையும் இணைத்தல் இரண்டிற்கும் தீது என்றது அது. வாஷிங்டன் போஸ்ட், இனி அவர் தம் மக்களுக்குப் பயன்படும் ஆற்றல் குறைந்தவராகிவிட்டார் என்றது. லைஃப் இதழ், அவர் பேச்சு ஹனோய் வானொலிக்கு எழுதிக் கொடுத்ததுபோன்றது என்று சாடியது. பேசியவரின் தகுதி, பேச்சின் பின்விளைவு, பேச்சால் பயனடையும் பகைவர் ஆகியனவே பெரிதும் ஆராயப்பட்டன. எட்டாண்டுகளுக்கு முன் காந்திகிராமத்தில் வரவேற்கப்பட்ட அதே மனிதர் இப்போது இளந்தத்தன் நின்ற இடத்தில் நின்றார். ஹனோய் வானொலி என்னும் சொல், ஒற்று வந்தான் என்னும் சொல்லே. ஓராண்டு கழித்து அதே ஏப்ரல் 4இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அணுப்படைக்கலச் சோதனையை எதிர்த்து 1962 செப்டம்பரில் இராஜாஜி தம் 83ஆம் வயதில் அமெரிக்கா சென்று கென்னடியைக் கண்டது நம் நாட்டார் பெருமையொடு பேசும் செய்தி. காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழு அது. அடுத்த மாதமே கியூபாவைக் குறித்த நெருக்கடியும், அக்டோபர் 20இல் சீனப் போரும் வந்தன. அத்தூது பற்றிய பேச்சு அவற்றின் ஓசையில் அமிழ்ந்தது. குத்துச்சண்டை வீரர் முகமது அலி, நடிகை ஜேன் ஃபாண்டா ஆகியோர் வரலாறும் இவ்வகையினவே. பலரும் எழுதியுள்ளமையின் விரிக்கவில்லை.

நமக்கு மிக அணிமையிலுள்ளதும் ஆய்வாளர் இன்னும் தக்கவாறு தொடாததும் 2008, 2009ஆம் ஆண்டுகளின் ஈழப்போர்க்காலச் செய்தியே. 2008 அக்டோபர் 19இல் தமிழ்த் திரைப்பட இயக்குநரும் தொழிற்கலைஞரும் இராமேசுவரத்தில் திரண்டனர், பாரதிராசா முன்னின்றார். அங்கு ஆற்றிய உரைக்காகச் சீமானும் அமீரும் சில நாளிற் கைதாயினர். நவம்பர் 1இல் நடிகர் சங்கம் சென்னையில் உண்ணாநோன்பு நிகழ்த்தியது. ரஜினிகாந்த், கமல்ஹாசன் முதலியோர் கலந்துகொண்டனர். தொலைக்காட்சிகள் நாள்முழுதும் காட்டின. (உண்ணாநோன்பைக் கோப்பெருஞ்சோழனின் வடக்கிருத்தலோடு ஒப்பிடுவார் உளர். அது பிறரை வற்புறுத்த மேற்கொண்டதன்று, ஒப்புமை பொருந்தாது.)

இராமேசுவர உரை பற்றிய செய்தி கைது நிகழ்ந்த நாள்தொட்டு வழக்குச் செய்தியாயிற்று: சொன்ன சொல் சட்டத்தின் எப்பிரிவில் அடங்கும், பிரிவினைக்குத் துணையா அன்றா என்பவை. உண்ணாநோன்புச் செய்தியின் பெரும்பகுதி மேடையைச் சூழ்ந்தது: யார் வந்தார், யார் வரவில்லை, யார் எவ்வளவு நேரம் அமர்ந்தார், யார் கண்கலங்கினார். மேடையில் இருந்தோர் எதனைக் குறித்துக் கண்கலங்கினரோ அது வன்னியில் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதனைப் பற்றிய செய்தி ஏன் மெலிந்தது என்பதற்கு இதழ்களின் சுவைநாட்டத்தை மட்டும் காரணமாகச் சொல்லுதல் நேர்மையன்று. 2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அவையின் பணியாளரும் பிற தொண்டு நிறுவனத்தாரும் வன்னியை விட்டு வெளியேறினர். சார்பற்ற செய்தியாளர் போர்க்களத்துக்குள் விடப்படவில்லை. கொழும்பில் சண்டே லீடர் ஆசிரியர் இலசந்த விக்கிரமதுங்க 2009 சனவரி 8இல் கொல்லப்பட்டார். களம் அடைபட்டபின் படக்கருவி எங்கே நிற்கும்? திறந்திருந்த இடம் சென்னை மேடையே, அங்கே நின்றது. ஆவூரின் கதவு அடைத்திருந்தது. ஆயினும் உள்ளிருந்த குழந்தையின் அழுகை கோவூர் கிழார் பாட்டினுள் வந்துவிட்டது. வன்னியின் கதவும் அடைத்திருந்தது; நம் செய்தித்தாளில் கிடைத்தது பாடினவர் பெயர் மட்டும்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்னை என ஆராயின், நாம் காண்பது இது. புகழ்பெற்றவர் போரைப் பற்றிப் பேசுகையில் அவர் பேச்சில் இருவேறு பகுதி உண்டு. ஒன்று அவர் நிலைப்பாடு. மற்றொன்று அவர் அறிந்து கூறும் நிகழ்ச்சி. செய்தியறிக்கை நிலைப்பாட்டை எளிதில் எடுத்துக்கொள்கிறது; அது பெயரோடு ஒட்டியது, ஒரு வரியில் அடங்குவது, மறுநாள் இன்னொருவர் மறுத்துரைக்க இடந்தருவது. நிகழ்ச்சியோ சரிபார்க்க வேண்டுவது, களம் மூடப்பட்டபோது சரிபார்க்க இயலாதது, ஆதலின் விடப்படுகிறது. நிலைப்பாடு மட்டும் எஞ்சிய செய்தியைப் படிப்பவர்க்கு, போர் என்பது இரு புகழாளர் கருத்து வேற்றுமையாகத் தோன்றும். மேடையேறிய கலைஞரிடத்தும் ஒரு குறை உண்டு. பலருடைய உரைகள் உணர்ச்சிமிக்கனவாயினும் நிகழ்ச்சி குறைந்தவை. களிற்றின் பசியிலிருந்து தொடங்கி இல்லத்தின் நீர்வேட்கைவரை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய கோவூர் கிழாரின் பொறுமை அவற்றில் இல்லை. சுருக்குவோர் எத்துணைச் சுருக்கினும் பாட்டு அழியாது நின்றமைக்கு அப்பொறுமையே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

2009 சனவரி 29இல் சென்னையில் முத்துக்குமார் என்னும் இளைஞர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அவர் இதழொன்றில் பணிசெய்தவர். நீண்ட மடலொன்றை விட்டுச் சென்றார். அதற்குமுன் பெயரறியப்படாத ஒருவர் ஒருநாளிற் புகழ்பெற்றவராயினார். அச்சாவைப் போற்றுதற்கு நாம் உடன்படோம்; ஓர் இளைஞர் இறந்தாலன்றி அவர் எழுதியதைப் படியாத நிலையை வியந்து பேச ஒன்றுமில்லை. எழுத்துத்தொழிலில் இருந்த ஒருவரே, தம் எழுத்து வழக்கமான வழியிற் படிக்கப்படாது என்று கருதினார் என்பதை இதழியல் பயில்வோர் கருத்திற் கொள்ளவேண்டும். அவருடைய இறுதி ஊர்வலம் பற்றிய செய்தி நாள்பல ஓடியது. மடலின் வாதங்களைப் பகுதி பகுதியாக எடுத்து ஆராய்ந்த கட்டுரைகள் அதற்கு ஈடாக வரவில்லை.

வெளிநாட்டில் வாழ்ந்த ஈழத்தமிழர் மகளான பாடகி மாதங்கி அருட்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரால் அறியப்பட்டவர், அதே காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் இதழ்களிலும் வன்னி மக்கள் பற்றிப் பேசினார். 2009 பிப்ரவரி 8இல் கிராமி விழா மேடையில் நிறைசூலியாகத் தோன்றிப் பாடினார். உலகம் அவர் உடையைப் பேசியது. 2010இல் நியூயார்க் டைம்ஸின் வார இதழ் அவரைப் பற்றி நீண்டதொரு கட்டுரை வெளியிட்டது. ஏழையர் துயரைப் பேசுகின்றவர் விலையுயர்ந்த உருளைக்கிழங்கு வறுவலை உண்டுகொண்டே பேசினார் என்னும் குறிப்பு அதன்கண் இருந்தது. படித்தோர் நெஞ்சில் நின்றது அதுவே. அவ்வுணவை வாங்கத் தூண்டியவர் நேர்கண்ட எழுத்தாளரே எனக் காட்டும் ஒலிப்பதிவைப் பாடகி பின்னர் வெளியிட்டார். யார் வாங்கினார் என்னும் வழக்கில் நாம் புகவேண்டுவதில்லை. 40,000 பேர்வரை மாண்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் அவைச் செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் அறிவித்த ஒரு போரைப் பற்றிய பேச்சு, ஒரு தட்டு வறுவலில் வந்து முடிந்தது.

இவ்விடத்து எழும் தடையொன்றை எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். கலைஞர் போருக்கு எதிராகப் பேசுவது விளம்பரம் கருதியே. ஆதலின் இதழ்கள் அவர்தம் உள்நோக்கை ஆராய்தல் முறையே என்பர் சிலர். செல்வமும் புகழும் உடையார்க்கு ஏழையர் துயர் பேச உரிமை யாது என்றும் கேட்பர். திறனாய்வு நூலோர்க்கு இவ்வாதம் புதிதன்று. ஆசிரியன் நோக்கத்தைக் கொண்டு பனுவலை அளக்கலாகாது என்பது அவர் நன்கறிந்த நெறி. கோவூர் கிழாரும் பரிசிலர்தாம், நலங்கிள்ளியின் ஊணுண்டவர்தாம். அதனால் ஆவூர்க் குழந்தைகள் பாலின்றி அழவில்லை என்றாகிவிடுமா? உள்நோக்கு ஆராயத்தக்கதே, போர் முடிந்தபின் ஆராயலாம், வாழ்க்கை வரலாறு எழுதுங்கால் ஆராயலாம். போர் நடக்குங்கால் அதனையே முதற்பொருளாக்குதல், சொல்லப்பட்ட செய்தி மெய்யா பொய்யா என்னும் கடினமான ஆராய்ச்சியினின்றும் தப்பிக்கும் வழியாக அமைந்துவிடுகிறது. நியூயார்க் டைம்ஸின் 1967ஆம் ஆண்டுத் தலையங்கத்திலும் 2010ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் நாம் காணும் ஒற்றுமை இதுவே. அத்தாளுக்கு எதிராக நமக்குத் தனிப்பகை இல்லை; தமிழ்த் தாள்களும் இவ்வகையிற் குறைந்தன அல்ல.

ஆலத்தூர் கிழாரின் 36ஆம் பாட்டை ஈண்டு நினைவுகூர்தல் தகும். கிள்ளிவளவன் முற்றுகையிட்ட கருவூர், திண்டுக்கல்லுக்கு வடக்கே நாம் பேருந்தில் இரண்டு மணி நேரத்திற்குள் சென்றடையும் கரூரே என்பது ஆய்வாளர் பலர் முடிபு. காவல்மரங்களை வெட்டும் ஓசை மதிலினுட் கேட்கவும் வெளிவராத அரசனோடு பொருதல் நாணுத்தரும் என்பது புலவர் வாதம். அதற்குமுன் அவர் காட்டுவது ஆன்பொருநையின் வெண்மணலில் பொற்கழங்கு ஆடும் மகளிரை. முற்றுகைச் செய்தியில் ஆற்றுமணலில் ஆடும் பெண்கள் எதற்கு என்று குறிப்பெழுதுவோர் கருதுவர். அழியவிருப்பது எது என்பதை அப்பெண்களைக் கொண்டே நாம் அறிகிறோம்.

திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் ஈழத்தமிழர் நெடுங்காலமாக முகாமில் வாழ்ந்து வருகின்றனர். ஏதிலியர் முகாம் என வழங்கிய பெயரைத் தமிழ்நாட்டரசு 2021இல் மறுவாழ்வு முகாம் என மாற்றியது. 2022 செப்டம்பரில் 321 புதுவீடுகள் இங்குத் திறக்கப்பெற்றன. 2008, 2009ஆம் ஆண்டுகளின் செய்தித்தாள்களில் அடுத்தடுத்து வந்த புகழ்பெற்றோர் பெயர்களை நம் மாணவர் எளிதிற் பட்டியலிடுவர். அச்செய்திகளின் பொருளாயிருந்த மக்களுள் ஒரு சாரார், கல்லூரியிலிருந்து நகரப்பேருந்தில் செல்லும் தொலைவில், அதே நாள்களில் வானொலியின் முன் அமர்ந்து உறவினர் ஊர்ப்பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்தம் வாய்மொழியும், ஒப்பாரியும், எழுதி வைத்த மடல்களும் இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. முதுகலை ஆய்வேடுகளுக்குத் தலைப்புத் தேடி அலையும் மாணவர் இதனை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்வோர், தொகுக்கும் பாட்டின் அடியில் தாம் எழுதும் குறிப்பில் பாடியவர் பெயரோடு, அவர் விரும்பின், பாட்டுள் வரும் ஊரையும், அழுத குழந்தையையும், நீரற்ற இல்லத்தையும் சேர்த்தெழுதுவாராக. அக்குறிப்பு மூன்று வரிக்கு மிகின் பதிப்பாசிரியர் தடைசொல்ல வேண்டுவதில்லை.